ஹேண்டிலை முழுசாத் திருப்பிப் பாத்தியா?

நீண்ட பதிவு. நேரமிருப்போர் வாசிக்க.

விடுதியின் கீழ்த்தளத்தில் தங்கியிருக்கும் இளம் ஆய்வாளர் ஒருவர் சென்ற வாரம் என் அறைக்கு வந்தார். தம் மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தை மூடியிருந்த ஃபேரிங்கைக் கழற்றிவிட்டதாகவும், உள்ளே மறைந்திருந்த ஒயர்கள் இப்போது குடல் சரிந்தாற்போல் வெளியே தொங்குவதாகவும், அவற்றை வெட்டிச் சுருக்கி ஒழுங்காக்கித் தர முடியுமா என்றும் கேட்டார். அதே வேலையை நான் என் வண்டியில் செய்து, படமெடுத்து, இதே பக்கத்தில் ஐந்து மாதங்களுக்கு முன் வெளியிட்டிருந்தேன். இருநூறுக்கும் மேற்பட்டோர் விருப்பக்குறி இட்ட படம் அது. அதன்பின் நடந்ததை நான் எங்கும் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று, கூச்சம். அவருடைய வண்டியைத் தொடும் முன் முழுவதையும் சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியதால் இப்பதிவு.

என்னுடையது ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. 2003இல் விற்பனைக்கு வந்த 223 சி.சி. வகை. ஆய்வை முடித்துத் தில்லியைவிட்டுச் சென்ற மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். ஒரு கோடைக்காலப் புழுதிக்காற்றில், நிறுத்திவைத்த இடத்திலேயே சாய்ந்து விழுந்து, அதன் ஃபேரிங் இரண்டாகப் பிளந்தது. ஆய்வு உதவித்தொகை நான்கு மாதங்களாக வராதிருந்த காலம். புது ஃபேரிங் வாங்கும் பணத்தில் விடுதி உணவக நிலுவையைத் தீர்த்துவிடலாம். எனவே உடைந்ததைக் கழற்றிவிட்டு, முன்புறம் ஒரு வட்ட முகப்பு விளக்கைப் பொருத்தி, வண்டியைப் பழங்கால எளிமைக்குத் திருப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். பணமின்மை அழகியல் முடிவாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஃபேரிங் போனதும் அதற்குப் பின்னால் இருந்தவை தெரிந்தன. முகப்பு விளக்கு, வேகமானி, திருப்புவிளக்குகள், ஹாரன், சாவி, இரு கைப்பிடிகளின் சுவிட்சுகள் என எல்லாவற்றுக்குமான ஒயர்கள் டேங்கின் அடியிலிருந்து ஒரே கற்றையாக வந்து வண்டியின் கழுத்தருகே கிளை பிரிகின்றன. ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கப்ளர். ஃபேரிங் இருந்தவரை அதன் உட்குழிவே இவை அனைத்துக்கும் அறையாக இருந்தது. வட்ட விளக்குள்ள பழைய வண்டிகளில் விளக்கின் கிண்ணமே அந்த அறை. கப்ளர்கள் அதற்குள் அடங்கிவிடும். நான் வாங்கிய மலிவான கிண்ணத்திலோ பல்பின் பின்பக்கத்துக்கே இடம் போதவில்லை. கையளவு நீளத்துக்கு ஒயர்கள் மிகுந்து தொங்கின. மிகுதி என்று அவற்றுக்கு நான்தான் பெயரிட்டேன்.

மூன்று பிழைகள் செய்தேன்.

முதலாவது, நிறத்தைப் பற்றியது. பள்ளி ஆய்வகத்தில் சிவப்பு நேர்மின், கருப்பு எதிர்மின் என்று படித்த பழக்கத்தில், கருப்பு ஒயரை எர்த் என்று கொண்டு வண்டியின் சட்டத்தோடு திருகி இறுக்கினேன். ஹோண்டா மரபில் எர்த் பச்சை. கருப்பு என்பது சாவியைத் திருப்பியதும் பேட்டரி மின்சாரம் பாயும் வழி. சாவியைத் திருப்பினேன், ஃபியூஸ் எரிந்தது. ஃபியூஸ் என்ற ஒன்று இருந்ததால் ஒயர் எரியவில்லை. அன்று கிடைத்திருக்க வேண்டிய பணிவு எனக்குக் கிடைக்கவில்லை. பத்து ரூபாயில் முடிந்த பாடங்கள் பெரும்பாலும் பதிவதில்லை.

இரண்டாவது, அளவைப் பற்றியது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, ஒயர் தொடங்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். ஏறத்தாழ ஒரு சாண் மிச்சம் வந்தது. எல்லாக் கிளைகளிலும் அந்த ஒரு சாணை வெட்டி எறிந்தேன்.

மூன்றாவது, இணைப்பைப் பற்றியது. வெட்டிய முனைகளை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றினேன். பதினைந்து இணைப்புகளும் கழுத்துக்கு நேராக ஒரே இடத்தில் வந்து ஒரு கட்டிபோல் பருத்தன. அக்கட்டியையும் சேர்த்து இறுகச் சுற்றிப் பளபளப்பான ஒரே தண்டாக்கினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. படமெடுத்து வெளியிட்டேன்.

பாராட்டுகள் வந்தன. என் துறைப் பேராசிரியர் ஒருவர், பொருள்களைப் பழுதுபார்க்கும் செயலில் உள்ள சிந்தனை பற்றி நான்கு வரி எழுதியிருந்தார். அதற்கு நான் பதினான்கு வரியில் மறுமொழி எழுதினேன். அப்பாராட்டுகளுக்கு நடுவே காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது. என் அக்கா எழுதியது.

'ஹேண்டிலை முழுசாத் திருப்பிப் பாத்தியா?'

அதற்கு ஒரு சிரிப்புக் குறியை இட்டுவிட்டு நகர்ந்தேன்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் சென்னைக்கு மேற்கே உள்ள தொழிற்பகுதியில், வாகனங்களுக்கு வயரிங் ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அதிகாலை நாலே முக்காலுக்கு ஊர் முனையில் நிறுவனப் பேருந்து வந்து நிற்கும். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் இரண்டு மணி நேர வேலையை முடித்திருப்பார். ஒப்பந்தம் ஒருமுறை புதுப்பிக்கப்படாமல் நின்றது. இப்போது வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார்.

வாகனத் தொழிற்சாலை என்றதும் இயந்திரக் கைகள் நம் கண்முன் வரும். ஹார்னஸ் செய்யுமிடம் அப்படியன்று. ஒயரைக் குறித்த நீளத்தில் நறுக்குவதும் முனையில் டெர்மினலை அழுத்திப் பொருத்துவதும் இயந்திரத்தின் வேலை. அதன்பின் உள்ளவை பெரும்பாலும் கைவேலை. நெளிந்து வளையும் பொருளைப் பிடித்து வளைத்து அடுக்குவது இயந்திரத்துக்கு இன்றும் கடினம் என்பதே காரணம். ஹார்னஸின் வரைபடம் உண்மையளவில் ஒரு பெரிய பலகைமேல் ஒட்டப்பட்டிருக்கும். கோட்டின்மேல் ஆங்காங்கே முளைகளும் கவைகளும் நிற்கும். தொழிலாளர், அவர்களுள் மிகப் பலர் இளம்பெண்கள், ஒவ்வோர் ஒயராக எடுத்து முளைகளின் ஊடே ஓட்டி, கப்ளரில் செருகி, டேப் சுற்றுவார்கள். இறுதியில் ஒவ்வொரு வழியிலும் மின்னோட்டம் போகிறதா என்று சோதனைப் பலகை சரிபார்க்கும்.

அந்தப் பலகைமுன் ஆறு ஆண்டுகள் நின்ற ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் சிரிப்புக் குறி இட்டேன்.

ஆறாவது வாரம், அக்டோபர் தொடக்கத்தில், இரவு பத்தரை மணி இருக்கும். முனிர்க்கா மேம்பாலத்தின் கீழே வண்டியை வலப்புறம் திருப்பினேன். பின்னால் நண்பர் அமர்ந்திருந்தார். அவர் தொல்லியல் ஆய்வாளர். அகழாய்வில் கிடைக்கும் பானை ஓடுகளை அளந்து, அவற்றின் விளிம்பையும் குறுக்குவெட்டையும் கையால் வரைபவர். திருப்பம் குறுகலாக இருந்ததால் ஹேண்டிலை இறுதிவரை ஒடித்தேன். அந்தக் கணத்தில் இயந்திரம் நின்றது. முகப்பு விளக்கும் பின்விளக்கும் அணைந்தன. மெதுவாகத் திரும்பும் வண்டியைச் சாயாமல் வைத்திருப்பது இயந்திரத்தின் இழுப்பு. அது போனதும் வண்டி வலப்பக்கம் விழுந்தது. பின்னால் வந்த காரின் ஓட்டுநர், திடீரென்று இருளில் கரைந்துபோன எங்களை எப்படிக் கண்டாரோ, ஓரடி இடைவெளியில் நிறுத்தினார். விழும்போது நண்பர் கையை ஊன்றியிருந்தார். வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. அந்தப் பருவத்தில் அவர் வரைந்து முடிக்க வேண்டிய ஓடுகள் பெட்டிகளில் கிடந்தன. குழுவில் வேறொருவர் வரையத் தொடங்கினார். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஒருநாள் மட்டும், இடக்கையால் தேநீர்க் குவளையைப் பிடித்தபடி, "எனக்கு இடக்கையால் நேர்கோடுகூட வரவில்லை" என்றார். அதை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

விபத்துக்கு மறுநாள் காலை வண்டியை விடுதி வாசலில் நிறுத்தி, அக்காவைக் காணொளியில் அழைத்தேன்.

"அறுந்த எடம் தெரியுதா?"

"தெரியலக்கா. சுத்தின டேப் அப்படியேதான் இருக்கு."

"டேப் அப்படியேதான்டா இருக்கும். உள்ள கம்பி போயிருக்கும். சாவிக்குப் போற ஒயர்ல மீட்டர வை. ஹேண்டில் நேரா இருக்கட்டும். சத்தம் வருதா?"

மல்டிமீட்டர் கீச்சிட்டது. இணைப்பு இருந்தது.

"இப்ப வலது பக்கம் முழுசாத் திருப்பு."

திருப்பினேன். ஒலி நின்றது. நேராக்கினேன், மீண்டும் ஒலித்தது. இன்றும் அந்த ஒலி நின்ற கணம் எனக்கு நினைவிருக்கிறது. நான் ஆறு வாரங்கள் ஓட்டிய வண்டி அது. நேராகப் போகும்போது எந்தக் குறையும் தெரியாது.

"ஈயம் முடியற எடத்துல பிரிச்சுப் பாரு."

பிரித்தேன். ஒயரின் செம்பு இழைகளில் இரண்டோ மூன்றோ மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவை ஈயப்பற்றின் விளிம்பில் கத்தியால் அரிந்தாற்போல் அறுந்திருந்தன. அக்கா விளக்கினார். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி உறைகிறது. உறைந்த பகுதி ஊசிபோல் விறைத்துவிடுகிறது. அதை அடுத்த பகுதி இழையாகவே நெகிழ்ந்து இருக்கிறது. வண்டி அதிரும்போதும் ஹேண்டில் திரும்பும்போதும் வளைவு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து விழுகிறது. அசையாத பெட்டிக்குள் இருக்கும் இணைப்புக்கு ஈயம் நல்லது. அசையும் கழுத்துக்கு அது கேடு. நானோ அசையும் இடத்திலேயே எல்லா இணைப்புகளையும் வைத்திருந்தேன். அவற்றுக்கு நெளிந்து கொடுக்க ஒரு விரற்கடைத் தொய்வும் விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர் இழுபட்டிருக்கிறது.

"நான் அன்னிக்கே கேட்டேன்ல" என்றார் அக்கா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. "சரி விடு. அந்தத் தம்பி கை எப்படி இருக்கு?"

அன்று மாலை அவர் சொன்ன இன்னொன்றுதான் என் பிழையின் ஆழத்தை எனக்குக் காட்டியது. பழைய ஃபேரிங் வண்டிச் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருந்தது; ஹேண்டில் திரும்பினாலும் அதிலிருந்த முகப்பு விளக்கும் வேகமானியும் திரும்பா. நான் பொருத்திய வட்ட விளக்கோ முன்ஃபோர்க்கில் இருக்கிறது. ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அதாவது, அதுவரை அசையாதிருந்த ஒயர்களை நான் அசையும் ஒயர்களாக மாற்றியிருக்கிறேன். அவற்றுக்கு முன்னைவிடக் கூடுதல் தொய்வு வேண்டும். எப்போது மிகுதியாகத் தேவைப்பட்டதோ அப்போது பார்த்து வெட்டியிருக்கிறேன்.

"வளர்ற பிள்ளைக்கு உள்ள துணி விட்டுத் தெக்கிறோமே, எதுக்கு? வெளிய தெரியாது, ஆனா அது வீண் துணியா?" என்று கேட்டார்.

அதன்பின் அக்காவின் மேற்பார்வையில் நான்கு மாலைகள் வேலை செய்தேன். இளம் நண்பருக்கும், இவ்வேலையில் இறங்க எண்ணும் பிறருக்கும் பயன்படும் என்பதால் முறையை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் படும்போது பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதன் வழியே பாயும். 12 வோல்ட் ஆளைத் தாக்காது. ஆனால் ஸ்பேனரைப் பழுக்கவைக்கும்.

பின் ஒவ்வொரு கப்ளரையும் கழற்றும் முன் படமெடுத்து, காகித டேப்பில் பெயரெழுதி ஒட்டுக. நிறத்தை நம்பலாம், ஆனால் உங்கள் வண்டிக்குரிய நிறமரபை அறிந்தபின் நம்புக. ஹோண்டா மரபில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, கருப்பு சாவிக்குப் பிந்தைய மின்சாரம், பழுப்பு பின்விளக்கு, ஆரஞ்சு இடத் திருப்புவிளக்கு, வெளிர்நீலம் வலத் திருப்புவிளக்கு. வேறு நிறுவனத்தில் இதே நிறங்களுக்கு வேறு பொருள் இருக்கலாம். ஐயம் வந்தால் மல்டிமீட்டரே சான்று.

அடுத்தது அளவு. கத்தரிக்கோலைத் தொடாமல், எல்லாவற்றையும் புதிய வழியில் நூலால் தளர்வாகக் கட்டி, ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை பத்து முறை திருப்புக. எந்தக் கோடியில் எந்த ஒயர் இறுகுகிறது, எது ஃபோர்க்குக்கும் சட்டத்துக்கும் இடையே நசுங்கப் பார்க்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டும். மிகவும் இறுகும் நிலையில் அளந்து, அதற்குமேல் நான்கு விரற்கடை விடுக. ஒரு கப்ளரைப் பிற்காலத்தில் கையால் வெளியே இழுத்துக் கழற்றவும் அந்த நீளமே உதவும்.

உண்மையாகவே சுருக்க வேண்டிய ஒயரை நடுவில் வெட்டுவதைவிடக் கப்ளர் முனையில் சுருக்குவது நல்லது. கப்ளருக்குள் ஒவ்வொரு டெர்மினலையும் ஒரு சிறு நாக்கு கவ்வியிருக்கும். மெல்லிய ஊசியால் அதை அமுக்கினால் டெர்மினல் பின்புறமாக வெளிவரும். ஒயரைக் குறைத்து, புது டெர்மினலை அழுத்திப் பொருத்தி, அதே துளையில் செருகினால் இடையில் இணைப்பே இல்லை. டெர்மினலில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும். "ஒரு காது கம்பியப் புடிக்கும், இன்னொரு காது மேல்தோலப் புடிக்கும். தோலப் புடிக்கலன்னா அதிர்வு எல்லாம் கம்பி மேலயே வரும்" என்றார் அக்கா. இடுக்கியால் நசுக்காமல் அதற்குரிய கிரிம்பிங் பிளையரைப் பயன்படுத்துக. டெர்மினல்களையும் பிளையரையும் கரோல் பாக்கின் நாயிவாலா தெருவில் வாங்கினேன். திங்கட்கிழமை அச்சந்தைக்கு விடுமுறை. அதை மறந்து ஒருமுறை வெறுங்கையோடு திரும்பினேன்.

நடுவில் இணைக்க நேர்ந்தால், அழுத்திப் பொருத்தும் குழல்களைக் கொண்டு, இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்றிலிருந்து ஒன்று இரண்டு விரற்கடை தள்ளி வருமாறு அமைக்க. சூட்டில் சுருங்கும் ஸ்லீவை இணைக்கும் முன்பே ஒயரில் கோத்துவிடுக. நான் ஐந்து முறை மறந்து ஐந்து இணைப்புகளைப் பிரித்தேன். மூல ஒயரின் கனத்தைவிட மெல்லியதைப் பயன்படுத்தக் கூடாது. மோசமான இணைப்பு வெறும் அழகுக்குறை அன்று. 35 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால் ஒன்றரை வோல்ட் அங்கேயே வெப்பமாகிவிடும். இழை விளக்கில் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஒளி அதைவிட வேகமாகக் குறையும்.

எர்த் ஒயர் திருகப்படும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்க. மற்றெல்லா ஒயர்களும் ஆளுக்கொரு வேலை செய்யும்போது, திரும்பிவரும் மின்சாரம் முழுவதையும் ஏற்பது அது ஒன்றே. அது தளர்ந்தால் இடத் திருப்புவிளக்கைப் போட்டால் ஹாரன் முனகும், பிரேக்கைப் பிடித்தால் வேகமானி விளக்கு மங்கும். பிழை எங்கோ காட்டும், இருப்பது வேறெங்கோ.

கடைசியாக டேப். கழுத்துப் பகுதியில் இறுகச் சுற்றலாகாது. "அந்த எடத்துல நாங்க டேப்பே சுத்த மாட்டோம். குழாய்க்குள்ள லூசா விடுவோம். ஒயர் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கணும்" என்றார். இறுகச் சுற்றிய தண்டில் வளைவின் வெளிப்புற ஒயர் இழுபடும், உட்புற ஒயர் மடங்கும். தளர்ந்த குழாயில் ஒவ்வொன்றும் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விளக்கு, திருப்புவிளக்கு, ஹாரன், பதிவெண் பலகை ஆகியவற்றோடு விளையாட வேண்டா.

நான்காம் நாள் கணக்குப் பார்த்தேன். ஹாரனுக்கும் திருப்புவிளக்குகளுக்கும் போகும் ஒயர்கள் நான்கு விரற்கடை குறைந்திருந்தன. முகப்பு விளக்கு, வேகமானி, சாவி ஆகிய மூன்றும் தொழிற்சாலை விட்ட நீளத்தைவிடக் கூடியிருந்தன. சுருக்கப் போனவன் நீட்டி முடித்தேன். கப்ளர்களை டேங்குக்கு அடியில், சட்டத்தோடு கட்டிய ஒரு ரெக்சின் பையில் வைத்தேன். முன்பிருந்த அழகு இப்போது இல்லை. கழுத்தருகே கருப்புக் குழாய் ஒன்று வெளிப்படையாக வளைந்து தொங்குகிறது. அதை நான் படமெடுக்கவில்லை.

என் துறை தொழில் சமூகவியல் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். உழைப்போரிடம் உள்ள அறிவுதான் என் ஆய்வின் பொருள். சொல்லில் அடங்காத அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966இல் எழுதிய நூலையும், திட்டமிடலும் செயல்படுத்தலும் பிரிக்கப்படுவதைப் பற்றி ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய நூலையும் மூன்று பருவங்கள் மாணவர்க்குப் பயிற்றுவித்திருக்கிறேன். களப்பணியில் தொழிலாளி ஒருவர் சொல்லும் அரை வாக்கியத்தை நான்கு நாட்கள் அமர்ந்து பகுத்தாராய்ந்ததுண்டு. அக்காவின் வரியைப் படித்தபோது அதை நான் அறிவாகக் கொள்ளவில்லை, பாசமாகக் கொண்டேன். பாசத்துக்குச் சிரிப்புக் குறி போதும் என்று நினைத்தேன். பேராசிரியரின் நான்கு வரி எனக்குக் கருத்தாகத் தெரிந்தது. இரண்டில் எது அந்த வண்டியைப் பற்றியது என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் முழுவதுமாக ஏற்கவில்லை. "வரைபடம் நாங்க போட்டது இல்லடா. எவ்வளவு லூஸ் விடணும்னு அதுலயே போட்டிருக்கும். எதுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. திரும்பி வந்த பீசுல எங்க அறுந்திருக்குன்னு பாத்துப் பாத்துத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது" என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அறிவு தொழிலாளரிடமே பிறக்கிறது என்ற தொனியில் எழுதியிருக்கும் பத்திகளை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அறுந்து திரும்பி வந்தவற்றைப் பார்க்கக் கிடைப்பவரிடம் அது பிறக்கிறது. நானும் ஒன்று பார்த்தேன். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

நண்பரின் கை கூடிவிட்டது. டிசம்பரில் மீண்டும் வரையத் தொடங்கினார். நீண்ட நேரம் வரைந்தால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். வண்டியில் ஏற இன்னும் தயங்குகிறார், நானும் அழைப்பதில்லை.

இளம் நண்பருக்கு: ஞாயிறு காலை வண்டியோடு வாருங்கள். முதல் நாள் கத்தரிக்கோல் எடுக்கப்போவதில்லை. பெயரெழுதுவோம், படமெடுப்போம், ஹேண்டிலைத் திருப்புவோம். வெட்டத்தான் வேண்டுமா என்பதை இரண்டாம் நாள் முடிவு செய்வோம். அக்காவுக்கு ஞாயிறு பத்து மணிக்குமேல் ஓய்வு. காணொளியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

பழைய படத்தை நீக்கவில்லை. இப்பதிவை எழுதும் முன் அதற்குச் சென்று, அக்காவின் கேள்விக்குக் கீழே இருந்த சிரிப்புக் குறியை எடுத்துவிட்டு, 'இல்லக்கா, பாக்கல' என்று எழுதினேன்.